பௌர்ணமி தோறும் அறுந்துபோன வைஃபை

என் வலைப்பூவைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும், நான் சாதாரணமாகப் பழைய புதுச்சேரிக் கதைகளைத்தான் எழுதுவேன். இந்த முறை என் வீட்டு டிவியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். அதைச் சரி செய்யப் போய் 1890 வரைக்கும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

சென்ற வருஷம் பெரிய மகள் ஊரிலிருந்து வந்தபோது ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கி ஹாலில் மாட்டிவிட்டுப் போனாள். அவள் அம்மாவுக்காகத்தான். என் வீட்டம்மா இந்த ஊர்க்காரி. கல்யாணமாகி என்னோடு புதுச்சேரியில் இருந்த காலத்திலும் பௌர்ணமிக்குப் பஸ் பிடித்து வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்விட்டு, விடிகாலை முதல் பஸ்ஸில் திரும்புகிறவள். நான் ஓய்வு பெற்று இங்கேயே வந்து தங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாசற்படி இறங்குவதே பெரும்பாடு. ஆனாலும் பௌர்ணமி இரவு யாராவது ஒரு புண்ணியவான் கிரிவலப் பாதையிலிருந்து செல்போனில் நேரலை காட்டிக்கொண்டே நடப்பான். அதை டிவியில் வைத்துக்கொண்டு, இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் வந்துவிடுவாள்.

வந்த வினை என்னவென்றால், அந்த டிவி வைஃபையில் நிற்காது. பத்து நிமிஷம் ஓடும். திரையில் ஒரு வட்டம் சுற்றும். பிறகு "இணைப்பு இல்லை" என்று ஒரு அறிவிப்பு. நான் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவேன். வரும். எம லிங்கம் தாண்டுவதற்குள் மறுபடி போகும்.

மூன்றாவது பௌர்ணமியில் அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "விடுங்க. கால் போனப்புறம் கண்ணுக்கும் காட்ட மாட்டேங்கிறார். வரவேண்டாம்னு சொல்றார் போல."

அந்த வார்த்தை எனக்குத் தைத்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். காரணம் இல்லாமல் ஒரு கோப்பு நிற்காது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் இணைப்புக் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தான். "லைன் நல்லாத்தான் இருக்கு சார், டிவிதான் ப்ராப்ளம்" என்றான். டிவி கம்பெனி ஆள் வந்தார். "டிவி நல்லா இருக்கு சார், உங்க வைஃபைதான் ப்ராப்ளம்" என்றார். இரண்டு பேரும் சொன்னது நிஜம் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு, எங்கள் ஆபீசில் இரண்டு செக்‌ஷன்களுக்கு நடுவே அலைந்த கோப்புகள்தான் ஞாபகம் வந்தன.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி கோடு போட்டேன். தேதி, அறுந்த நேரம், திரும்பிய நேரம், குறிப்பு. நாற்பது நாள் விடாமல் எழுதினேன். அதில் என்ன கிடைத்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். எங்கள் வாத்தியார் ரேடியோவை ரேடியோ என்று சொல்லவே மாட்டார். "தெ.எஸ்.எஃப்" என்பார். தெலெகிராஃபி சான் ஃபீல். "சான்" என்றால் இல்லாமல், "ஃபீல்" என்றால் கம்பி. நம்முடைய "கம்பியில்லாத் தந்தி" அப்படியே. இதைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனி என்று எவனாவது சொல்லிவிட்டால் வாத்தியாருக்குக் கோபம் வந்துவிடும். "பிரான்லி! பிரான்லி!" என்று மேஜையைத் தட்டுவார்.

எதுவார் பிரான்லி பாரிஸில் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் பௌதிகப் பேராசிரியர். ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளைப் போட்டார். சாதாரணமாக அந்தத் தூள் வழியாக மின்சாரம் சரியாகப் பாயாது. சற்றுத் தள்ளி ஒரு மின்பொறி உண்டாக்கினால், நடுவில் ஒரு கம்பியும் இல்லாமலே, தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தைப் பாயவிட்டது. இது 1890-ல். காற்றில் போகிற அலையைப் பிடிக்கிற ஆரம்பகாலக் "காதுகளில்" அது ஒன்று என்று சொல்லலாம். மார்க்கோனியின் கருவியிலும் அந்தக் குழாயின் திருத்திய வடிவம்தான் இருந்தது. 1899 மார்ச்சில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடல் தாண்டிச் செய்தி அனுப்பியபோது, மார்க்கோனி பிரான்லிக்கு மரியாதை தெரிவித்து ஒரு செய்தி அனுப்பினார். 1909-ல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் ஜெர்மானியரான பிரவுனுக்கும் போயிற்று. பிரான்லிக்கு இல்லை. எங்கள் வாத்தியாரின் கோபத்துக்கு அதுதான் காரணம்.

வாத்தியார் சொல்லாமல் விட்ட ஒரு பெயர் நம்முடைய ஜகதீச சந்திர போஸ். 1895-ல் கல்கத்தாவில் கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒரு மணியை அடிக்கவைத்தும், வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அவர் பயன்படுத்தியவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற மிகக் குட்டை அலைகள். இன்றைக்கு என் வீட்டில் ஓடும் வைஃபை அலை அதைவிட நீளம், சுமார் 12 சென்டிமீட்டர்.

காற்றில் அலை அனுப்பலாம் என்று தெரிந்தவுடன் சர்க்கார் உள்ளே வந்துவிட்டது. அதுவும் சரிதான். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒருவர் பேச்சும் காதில் விழாது. இந்தியாவில் 1933-ல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ரேடியோ வைத்திருப்பதே குற்றம். சென்னையில் 1924-லேயே ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பு நடத்திப் பார்த்து, பணமில்லாமல் 1927-ல் நிறுத்திவிட்டது. 1930-லிருந்து மாநகராட்சி நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

என் வயதுக்காரர்களுக்கு அந்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். அப்பா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். "இன்ஸ்பெக்டர் வருகிறார்" என்று தெருவில் யாராவது சொன்னால் சில வீடுகளில் ரேடியோ பாட்டு சட்டென்று நின்றுவிடும். 1980-களின் நடுவில்தான் வீட்டு ரேடியோவுக்கும் டிவிக்கும் லைசென்ஸ் என்பது ஒழிந்தது.

டிவிக்கு வருவோம். தில்லியில் 1959 செப்டம்பர் 15-ல் சோதனையாக ஆரம்பித்தார்கள். சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். அதே மாதம் 1-ம் தேதி, அமெரிக்கா கொடுத்துதவிய ஒரு செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டும் பெரிய பரிசோதனையும் தொடங்கியது. ஆந்திரமும் கர்நாடகமும் அதில் உண்டு, தமிழ்நாடு இல்லை. சென்னைக்கு வெளியே இருந்த நமக்கு டிவி என்பது பட்டணத்துக்குப் போய்வந்தவர்கள் சொல்லும் கதையாகத்தான் ரொம்ப நாள் இருந்தது.

நான் டிவியை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தது காரைக்காலில். புதுச்சேரி அரசாங்க வேலை என்றால் காரைக்காலுக்கு மாற்றல் வராமல் இருக்காது. 1982 பிப்ரவரி 15-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. சென்னை அலை எட்டாத நம் கடற்கரை ஊர்களில் அதுதான் டிவி. வசதியான வீடுகளில் தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் மீன்முள் மாதிரி ஆண்டெனா. அந்த மீன்முள் வடிவம் 1926-ல் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பேராசிரியர்கள் உருவாக்கியது. காரைக்காலில் அது எல்லாம் தென்கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். கோடைகாலத்தில், காற்று அசையாத புழுக்கமான இரவுகளில், படம் கண்ணாடி மாதிரித் தெரியும். கடலுக்கு மேல் நிற்கிற சூடான காற்றடுக்கு அலையை மேலே போகவிடாமல் வளைத்து வெகுதூரம் கொண்டுவந்துவிடும். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது. சிங்களச் செய்தியை ஒரு வார்த்தை புரியாமல் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த வருஷம் தில்லி ஆசியப் போட்டியை ஒட்டிக் கலர் வந்தது. 1983-ல் இன்சாட்-1பி மேலே போன பிறகு, செயற்கைக்கோளிலிருந்து வாங்கி ஊருக்குள் விடுகிற சின்னச் சின்ன நிலையங்களை நாடெங்கும் மளமளவென்று அமைத்தார்கள். 1984 நவம்பர் 3-ல் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை, அதற்குமுன் டிவியே பார்த்திராதவர்கள் எத்தனையோ பேர் நேரடியாகப் பார்த்தார்கள்.

என் மாமனார் வீடு, அதாவது இப்போது நாங்கள் இருக்கும் வீடு, சன்னதித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. 1987-ல் ராமாயணம் ஆரம்பித்ததும் மாமனாரும் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்து முழுக்க எங்கள் கூடத்தில் இருக்கும். இந்தி ஒருவருக்கும் தெரியாது, கதை எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் ஆண்டெனாவுக்கு எதிரி காற்றோ மழையோ இல்லை, குரங்கு. மலையிலிருந்து இறங்கி வந்து, குழாயைப் பிடித்து ஊஞ்சல் ஆடிவிட்டுப் போய்விடும். உடனே என் மைத்துனன் மாடிக்கு ஓடுவான். "இப்ப தெரியுதா?" "இல்லை." "இப்ப?" "வருது, வருது... போச்சு!" "இப்ப?" "அப்படியே பிடிச்சுக்கோ, அசையாதே!" அசோகவனத்துக்கு அனுமார் வந்த வாரம், மைத்துனன் பாதி நேரம் மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரி செய்தவன் அவன், கெடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நடந்தவை உங்களுக்கே தெரியும். 1991-ல் வளைகுடா யுத்தத்தோடு செயற்கைக்கோள் சேனல்கள். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. தெருவுக்குத் தெரு கறுப்பு கேபிள், மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிற்று. ஆண்டெனாக்களைக் கழற்றித் துணி காயப்போடும் கொடிக்குக் கம்பமாக வைத்துக்கொண்டோம். 2006-லிருந்து அரசாங்கமே இலவசக் கலர் டிவி கொடுத்தது. ஒரு தலைமுறைக்குள் டிவி காற்றிலிருந்து கம்பிக்குப் போய்விட்டது. இப்போது வைஃபை வந்து அதன் கடைசிப் பத்தடியை மறுபடி காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டது.

இந்த வைஃபை ஓடுகிற அலைக்கு ஒரு கதை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிறார்களே, அந்த இடம் ஒரு காலத்தில் குப்பைமேடு. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அந்த இடத்தில்தான். இரைச்சல் மிகுந்த இடம் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1985-ல் அமெரிக்க அரசு, "குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் இங்கே அனுப்பிக்கொள்ளலாம், லைசென்ஸ் வேண்டாம்" என்று திறந்துவிட்டது. வைஃபைக்கான விதிமுறை 1997-ல் வந்தது, பெயர் 1999-ல் வைத்தார்கள். இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4-க்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்தார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் என்கிற அடுத்த இடத்தைத் தாராளமாகத் திறந்தது 2018 அக்டோபரில்.

அப்பா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த அந்த லைசென்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த லைசென்ஸ் போனதால்தான் என் வீட்டில் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம் ஓடுகிறது. அதே காரணத்தால் பக்கத்து வீட்டிலும் ஓடுகிறது. எதிரே இருக்கும் லாட்ஜில் மாடிக்கு இரண்டு ஓடுகின்றன. இது பொதுவழி. யாரையும் வராதே என்று சொல்ல முடியாது.

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன். நாற்பது நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் காலை ஐந்திலிருந்து பத்து வரை ஒருமுறைகூட அறுந்ததில்லை. மாலை ஏழிலிருந்து பத்து வரை தினமும் இரண்டு மூன்று முறை. சனி ஞாயிறு கூடுதல். நடுவில் இரண்டு பௌர்ணமி வந்தது. அந்த இரண்டு இரவும் பதினான்கு, பதினேழு.

நோட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிரான்சில் படிக்கும் பேரனைக் கூப்பிட்டேன். அவன் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி "வீஃபீ" என்பான். "தாத்தா, ரௌட்டர் பக்கத்துல போன் வெச்சுப் பாருங்க. அப்புறம் டிவி பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்றான். ரௌட்டர் இருப்பது வாசல் அறையில். அங்கே போன் அருமையாக ஓடிற்று. ஆகவே லைனில் குற்றமில்லை. டிவிக்குப் பக்கத்தில் போனும் திணறிற்று. ஆகவே டிவியிலும் குற்றமில்லை. நடுவில் இருப்பவை ஒன்றரை அடிச் செங்கல் சுண்ணாம்புச் சுவர் இரண்டு, மாமனார் காலத்து இரும்பு பீரோ ஒன்று.

அடுத்து, சுற்றுவட்டாரத்தில் எத்தனை வைஃபை ஓடுகிறது என்று காட்டும் செயலி ஒன்றைப் போனில் போடச் சொன்னான். ஒரு புதன்கிழமை காலையில் பார்த்தேன், 9. அடுத்த பௌர்ணமி இரவு எட்டு மணிக்குப் பார்த்தேன், 34! லாட்ஜ்கள் எல்லாம் நிறைந்து, வந்தவர்கள் தங்கள் போனிலிருந்து போனுக்கு வைஃபை கொடுத்துக்கொண்டு, எல்லாம் ஒரே 2.4-ல். அந்த இடத்தில் பதின்மூன்று தடங்கள் என்று பெயருக்கு இருந்தாலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று. முப்பத்துநாலு பேர் மூன்று தடத்தில் நடக்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல பழக்கமும் உண்டு. ஒவ்வொரு வைஃபையும் பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கும். பேசினால் காத்திருந்து பிறகு பேசும். இதற்கு மூலம் 1971-ல் ஹவாய்த் தீவுகளில் ஏப்ராம்சன் என்ற பேராசிரியர் செய்த வேலை. தீவுகளுக்கு நடுவே கம்பி இழுக்க வழியில்லாமல் ஒரே அலையைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். அதில் கேட்டுப் பேசும் வழக்கம் இல்லை. இரண்டு பேர் மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புவார்கள். கேட்டுப் பேசுவது பின்னால் சேர்ந்த மரியாதை. ஆனால் கூட்டம் மிஞ்சினால் மரியாதைக்காரன் கடைசிவரை வாயே திறக்க முடியாது. எங்கள் டிவிக்கு நடந்தது அதுதான். திணறும்போது 5-க்குத் தாவிப் பார்க்கும். அந்த அலைக்குச் சுவர் தாண்டும் தெம்பு குறைவு. அங்கேயும் கிடைக்காமல் 2.4-க்குத் திரும்பும், அதற்குள் அறுந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் அது இப்படி இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். "அவர் உன்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைப் பார்க்க வந்த ஜனம்தான் குறுக்கே நிற்கிறது" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். "கிரிவலத்துல எப்பவும் அப்படித்தானே. முண்டிக்கிட்டுத்தான் போகணும்" என்றாள்.

முண்டவில்லை. இணைப்புத் தம்பியை மறுபடி கூப்பிட்டு, ரௌட்டரை வாசல் அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றச் சொன்னேன். சுவரோரமாக ஒயர் இழுத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்தோம். போன்கள் 5-க்குப் போய்விட்டன. டிவிக்கு என்ன செய்வது என்று பேரனைக் கேட்டேன். "பக்கத்துலதானே இருக்கு தாத்தா, ஒரு ஒயர் போட்டுடுங்க" என்றான். முக்கால் மீட்டர் ஒயர். ரௌட்டரின் முதுகில் ஒரு முனை, டிவியின் முதுகில் ஒரு முனை. பிரான்லிக்காக மேஜையைத் தட்டிய என் வாத்தியார் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

போன பௌர்ணமிக்கு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். ஒருமுறைகூட வட்டம் சுற்றவில்லை. நான் நோட்டோடு பக்கத்தில் இருந்தேன், எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அடி அண்ணாமலை தாண்டியபோது, "இந்த இடத்துல ஒரு டீக்கடை இருக்கும், அப்பா அங்கதான் உட்காருவார்" என்றாள். டீக்கடை இருந்தது. குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் தூங்கிவிட்டாள். நான் அணைக்கவில்லை. ஈசான்ய லிங்கம் வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டு டிவியும் இப்படி அறுந்தால் உடனே புதிது வாங்காதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு நேரத்தை எழுதுங்கள். ரௌட்டரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள். ஒயர் எட்டினால் ஒயரே போடுங்கள். உங்கள் ஊரில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றது யார் என்பதையும் எழுதுங்கள். என் மைத்துனன் இதைப் படிக்கிறான்.